மாமனார் எழுந்து நின்ற விமானம்

ஏரோ இந்தியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களைப் பார்க்க ஹெப்பாள் மேம்பாலத்திலிருந்து எலகங்கா வரை ஊர்ந்துதான் போயாக வேண்டும். 1996-இல் தொடங்கிய கண்காட்சி. 2025 பிப்ரவரியில் நடந்தது 15-ஆவது. ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டும் ஒரே தளத்துக்கு வந்ததால் பெங்களூரெல்லாம் அதே பேச்சு.

என் மாமனாருக்கு அதில் சுவாரசியமில்லை. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகோய்-57 மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றபோது திடலே ஓவென்று கத்தியது. அவர் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

பேரனுக்கு வேறு தொல்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பினால் அங்கே வெறும் வானம். "சத்தத்தைத் தேடாதடா, அதுக்கு முன்னாடி பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டார் தாத்தா. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் இரைச்சல் நம் காதுக்கு வர ஆறு நொடி ஆகும். அதற்குள் அது எங்கேயோ போயிருக்கும்.

விமானப்படையின் சூரிய கிரண் சாகசக் குழுவின் ஹாக் விமானங்கள் மூவண்ணப் புகைவிட்டு வந்தன. எஞ்சின் வெளியேற்றும் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சினால் வெண்புகை, சாயம் கலந்தால் காவியும் பச்சையும். "2011 வரைக்கும் கிரண் விமானத்துலதான் பறந்தாங்க. அது நாங்க செஞ்சது" என்றார் மாமனார். "ஆரம்பிச்சாச்சாப்பா?" என்றாள் என் மனைவி. 2019-இல் இங்கே ஒத்திகையில் இரண்டு ஹாக் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். அதிலிருந்து எதிரெதிரே விமானங்கள் பாய்ந்து வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். டிக்கெட் எடுத்து வந்து கண்ணை மூடுகிற ரசிகை.

எச்.ஏ.எல்.லின் தேஜஸ் போர் விமானம் கிளம்பியபோது மாமனார் எழுந்து நின்றார். 2001 ஜனவரி 4-இல் அது முதன்முதலாகப் பறந்தபோது ஷிப்டிலிருந்து வெளியே ஓடிவந்து பார்த்தவர். ஆனால் அந்த வாரம்தான், எச்.ஏ.எல். மீது இப்போதைக்கு நம்பிக்கையில்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் சொன்னது கேமராவில் சிக்கி, நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. 2021-இல் கேட்ட 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களில் ஒன்றுகூட அதுவரை கைக்கு வரவில்லை. தளபதியின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

"அமெரிக்காக்காரன் எஞ்சின் அனுப்பல. நாங்க என்ன பண்றது மாப்பிள்ளை?" என்றார் மாமனார். கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சின் மட்டும்தான் காரணம்னும் சொல்ல முடியாது" என்றார். ஓய்வு பெற்றும் 'நாங்க' போகவில்லை.

பின் வரிசையிலிருந்து தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் குனிந்து, "நீங்க எந்த டிவிஷன் சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். அதற்கப்புறம் இருவரும் வானத்தைப் பார்க்கவேயில்லை.