வணக்கத்திற்கே எல்லை உண்டு, வேலைக்கு இல்லையா?

மணவாள நகரில் ஃபஜ்ருடைய பாங்கொலியும் கம்பெனிப் பேருந்தின் ஒலிப்பானும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கேட்கும். திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த இப்பகுதியிலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமுள்ள ஆலைகளுக்கும், தொலைவிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டிற்கும் ஆட்கள் புறப்படும் நேரம் அது. முதல் ஷிப்டுக்குப் போகும் நம் சகோதரர்கள், ஜமாஅத்துக்கு நிற்பதா பேருந்தைப் பிடிப்பதா என்று ஒரு நிமிடம் தயங்குவார்கள். பிறகு பேருந்தை நோக்கி நடப்பார்கள். நானும் ஆறாண்டுகள் அப்படி நடந்தவன்.

அதே பேருந்து அவர்களை இரவில் இறக்கிவிடும்போது இஷா முடிந்து பள்ளிவாசல் கதவு சாத்தப்பட்டிருக்கும். வீட்டில் பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். மூடி வைத்த சோற்றை உண்டுவிட்டு, உண்டது செரிக்கும் முன்னே படுத்து, மறுநாள் பாங்கொலிக்கு எழ வேண்டும். இதைத்தான் நாம் "உழைப்பாளி", "குடும்பத்துக்காக உயிரைக் கொடுக்கிறவர்" என்று போற்றுகிறோம். உயிரைக் கொடுப்பது வெறும் சொல்லலங்காரம் என்று நினைத்திருந்தோம். அது மருத்துவக் கணக்காகவே ஆகிவிட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில், ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்தேன். எட்டு மணி நேர ஷிப்ட், அதன்மேல் "ஓ.டி." என்று தொழிலாளர் அழைக்கும் மிகைநேரப் பணி நான்கு மணி நேரம். வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பார்கள்; சொன்னவர் பெயர் அடுத்த மாதப் பட்டியலில் இருக்காது. சேர்ந்தபோது என் எடை 64 கிலோ. நான்காம் ஆண்டில் 81. நாள் முழுதும் நின்று வேலை செய்பவன் எப்படிப் பருத்தேன் என்று உறவினர் வியந்தனர். தூக்கத்தை விரட்டச் சர்க்கரை மிகுந்த தேநீர் ஐந்தாறு குவளை, இரவுப் பசிக்குப் பரோட்டா, விடுமுறை நாளில் பகல் முழுதும் உறக்கம். ஐந்தாம் ஆண்டில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அப்போது எனக்கு வயது 36. ஆனால் மருத்துவர் எழுதித் தந்த சீட்டைவிட, என் மகள் தன் தாயிடம் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது: "அத்தா நம்ம வீட்லதான் இருக்காங்களா?"

சட்டம் திரும்பியது, பன்னிரண்டு மணி நேரம் திரும்பவில்லை

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. 65-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், வார விடுமுறை, ஓய்வு இடைவேளை, மிகைநேர ஊதியம் ஆகியவற்றைப் பற்றிய பிரிவுகளிலிருந்து எந்த ஆலைக்கும் விலக்களிக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு வாயில் திறந்தது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

நாம் வென்றோம் என்று மகிழ்ந்தோம். ஆனால் மணவாள நகர்ப் பேருந்துகள் அதன்பின் முன்னதாகத் திரும்பி வரவில்லை. சட்டப் புத்தகத்தில் நுழைய முடியாமற்போன பன்னிரண்டு மணி நேரம், ஆலை வாயிலில் எப்போதோ நுழைந்து அமர்ந்துவிட்டது. எட்டுடன் ஓ.டி. நான்கு, போக வர இரண்டு மூன்று மணி நேரம். இருபத்து நான்கில் எஞ்சுவது ஒன்பது. குளியல், உணவு, தொழுகை, உறக்கம், மனைவி, மக்கள், பெற்றோர் எல்லாரும் அந்த ஒன்பதைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். பங்கில் முதலில் குறைவது உறக்கம். அடுத்துக் குறைவது பிள்ளைகள்.

உடல் எழுதும் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து செய்த ஆய்வு 2021 மே மாதம் வெளிவந்தது. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாகப் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக அது மதிப்பிட்டது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம்.

அந்த 55 என்னும் எண் தொலைவில் இல்லை. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வாரம் 48 மணி நேரத்தோடு ஏழு மணி நேரம் சேர்ந்தால் அதை எட்டிவிடலாம். ஆறு நாள் வேலையில், நாளுக்கு ஒரு மணி பத்து நிமிட ஓ.டி. போதும். பன்னிரண்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் உழைப்பவரின் வாரம் 72 மணி நேரம்.

எடை கூடுவதும் சோம்பலின் அடையாளமன்று. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு குறைகிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு 28 விழுக்காடு ஏறியிருந்தது. நிறைவைச் சொல்லும் சுரப்பு 18 விழுக்காடு இறங்கியிருந்தது. இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் அவர்கள் மிகுதியாக விரும்பினார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து பரோட்டாக் கடையில் நின்ற எவருக்கும் அது புதிய செய்தியன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்காக விட்டுவைக்கச் சொன்ன நபிவழியை மிம்பரில் கேட்கிறோம். அந்த வழியில் உண்பதற்கு முதலில் உறங்க நேரம் வேண்டுமே!

மார்க்கம் யார் பக்கம் நிற்கிறது?

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பொருளில் கேட்கவும் செய்தார். அவர்கள் சொல்வதில் வியப்பில்லை. நம்மவர் சிலர் அதே கருத்துக்குத் தொப்பி அணிவித்துச் சொல்வதுதான் வேதனை. "ஹலாலான சம்பாத்தியம் வணக்கம் அல்லவா? ஸபர் செய்யுங்கள், பரக்கத் வரும்" என்கிறார்கள்.

ஹலாலான உழைப்பு வணக்கம்தான், மறுப்பில்லை. அப்படியானால் வணக்கத்தைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்றே பார்ப்போம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்துத் தடுத்தார்கள். உடலுக்கும் கண்களுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். அபுத்தர்தா (ரலி) அவ்வாறே தம் இல்லத்தை மறந்து வணங்கியபோது, ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவரை இரவில் உறங்கச் செய்து, உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுக்குமாறு அறிவுறுத்தினார். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

படைத்தவனுக்குச் செய்யும் தொழுகையே உடலின் உரிமையை உண்டுவிடலாகாது என்றால், ஒரு முதலாளியின் எந்திரத்திற்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? உடல் நம் சொத்தன்று, அமானத். மனைவி மக்களின் நேரமும் அமானத். அமானத்தை விற்றுக் காசாக்குவதற்கு ஸபர் என்று பெயரில்லை. அன்னபஉ அத்தியாயத்தில் இறைவன் உறக்கத்தை ஓய்வென்றும், இரவை ஆடையென்றும், பகலை வாழ்க்கைத் தேட்டத்திற்கென்றும் பகுத்துக் காட்டுகிறான். அந்தப் பகுப்பை நாம் ஓ.டி. சீட்டில் கையொப்பமிட்டு அழிக்கிறோம்.

முதலாளிகளுக்கும் குர்ஆனில் ஒரு முன்மாதிரி உண்டு. மத்யன் நகரத்து முதியவர் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தியபோது பேசிய உடன்படிக்கையை அல்கஸஸ் அத்தியாயத்தில் காணலாம். கடமை எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்பது முதியவர் தந்த உறுதி. அங்கே பேசப்பட்டவை ஆண்டுகள்தாம், மணிகள் அல்ல. ஆனால் நெறி தெளிவானது. காலத்தை முதலிலேயே வரையறுத்துப் பேச வேண்டும். கூடுதல் உழைப்பு உழைப்பவரின் விருப்பமாக இருக்க வேண்டும். சிரமம் தராமை அமர்த்துபவரின் பொறுப்பு. மறுத்தால் பெயர் நீக்கப்படும் ஓ.டி.யில் இம்மூன்றில் ஒன்றும் இல்லை.

"ஓ.டி. இல்லாமல் பிழைப்பது எப்படி?"

நியாயமான கேள்வி. வாடகையும் பள்ளிக் கட்டணமும் நபிமொழியால் அடைபடா என்பதை நானறிவேன். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில்தான் தவறு செய்கிறோம். எட்டு மணி நேர உழைப்பு ஒரு குடும்பத்தைக் காக்கவில்லை என்றால், குறை நேரத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது. குறைந்த கூலியை வைத்துக்கொண்டு, மீதியை உன் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்வதே ஓ.டி.யின் மறைபொருள்.

அந்த மீதியாவது முழுதாக வருகிறதா? மிகைநேரத்திற்கு இருமடங்கு ஊதியம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு விதித்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்த இருமடங்கை மாற்றவில்லை. எனக்கு ஓராண்டு கூட இருமடங்கு வந்ததில்லை; ஒற்றை மடங்கே வந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், பாதிக் கூலியைக் கொடுக்காமலே விடுவதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. இன்று நான் ஓ.டி. இல்லாத வேலைக்கு மாறிவிட்டேன். வருமானம் குறைந்தது, மாத்திரைச் செலவும் குறைந்தது. எல்லாருக்கும் அப்படி மாற வாய்க்காது. அதனால்தான் இதைத் தனிமனிதத் துணிச்சலுக்கு விட்டுவிட முடியாது என்கிறேன்.

உழைப்பு நேரத்தைக் குறைத்தால் தொழில் அழியும் என்பதும் மெய்யன்று. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்கு ஊதியம் குறையாமல் வேலை நேரம் மட்டும் 35, 36 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பணியின் அளவு குன்றவில்லை. பல இடங்களில் கூடியது. உழைப்பவரின் மனச்சோர்வு தணிந்தது. அலுவலகப் பணி மிகுந்த அந்த நாட்டை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாதுதான். ஆனாலும் களைத்த கை விரைந்து பழுது செய்யும் என்பதை எந்த மேற்பார்வையாளரும் அறிவார்.

முதலில் நம் வீடு

ஆலை முதலாளியை ஏசுவது எளிது. நம் ஜமாஅத்துகளில் பொறுப்பிலுள்ள பலர் கடை வைத்திருப்பவர்கள். மளிகைக் கடையில், துணிக்கடையில், பிரியாணிக் கடையில் காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடும் வரை நிற்கும் பையன் யார்? பெரும்பாலும் நம் சமுதாயத்து ஏழை வீட்டுப் பிள்ளை. 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அவனுக்கும் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 என்றே வரையறுக்கிறது. 2021இல் வந்த திருத்தம் அவனுக்கு உட்கார இருக்கை தரச் சொல்கிறது. எத்தனை கடைகளில் அந்த இருக்கை இருக்கிறது? பணியாளர்மீது தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற நபிகளாரின் கட்டளை, கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்குக் கேட்கிறதா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கடையும் பட்டறையும் நடத்தும் சகோதரர்கள் இந்த வாரமே தம் பணியாளரின் மணிக்கணக்கை எழுதிப் பார்க்கட்டும். எட்டைத் தாண்டியதற்கு இருமடங்கு கொடுக்கட்டும். உழைக்கும் சகோதரர்கள் தம் ஓ.டி. நேரத்தை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் பதியட்டும். தனியாக அன்றி, சங்கமாகச் சேர்ந்து கேட்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ உரையையேனும் உழைப்பு நேரத்திற்கு ஒதுக்கட்டும். விடுமுறை நாளில் பள்ளிவாசல் வளாகத்திலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யட்டும். நாற்பது வயதுக்குள் விதவையாகும் பெண்ணுக்குப் பைத்துல்மாலில் உதவித்தொகை எழுதுவதைவிட, அவள் கணவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவது மேலான ஸதகா.

மறுமையில் ஆயுளை எதில் கழித்தாய் என்று கேட்கப்படும்போது, ஓ.டி. சீட்டை நீட்ட முடியாது. நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் உடலுக்கு ஆஃபியத்தையும், பிள்ளைகள் விழித்திருக்கும்போதே வீடு திரும்பும் மாலைகளையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.