குறையைக் காட்டிய ரயில்

பாட்டாளியைப் புகழ்ந்து பாட ஆயிரம் பேர் உண்டு. பாட்டாளியின் பக்கம் நின்றுகொண்டே அவன் குறையை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் கலைஞன் கிடைப்பதுதான் அரிது. சோவியத் இயக்குநர் அலெக்சாந்தர் மெத்வேத்கின் அப்படிப்பட்டவர். அவர் பெயரை நம் தோழர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஐசன்ஸ்டீனைத் தெரியும், புதோவ்கினைத் தெரியும், இவரைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம் நாம்.

1900-இல் பென்ஸாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் புத்யோன்னியின் குதிரைப் படையில் போராடியவர். அந்தப் படையிலேயே நாடகம் போட்டார். என்ன நாடகம் தெரியுமா? குதிரை வேடமிட்ட வீரர்கள் மேடையேறி, தங்களைச் சரிவரப் பேணாத சவாரிக்காரர்கள் மீது புகார் சொல்வார்கள்!

1932 ஜனவரியில் அவர் ஒரு ரயிலில் கிளம்பினார். மூன்று பெட்டிகள், முப்பதுக்கு மேற்பட்ட தோழர்கள். படச் சுருளைக் கழுவுவதும் வெட்டி ஒட்டுவதும் ரயிலுக்குள்ளேயே, உறங்குவதும் அங்கேயேதான். இன்று எடுத்ததை நாளையே காட்டுவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. 294 நாட்கள் ஓடினார்கள். ஏறத்தாழ 70 படங்கள் எடுத்தார்கள். சுரங்கத்துக்குப் போனார்கள், ஆலைக்குப் போனார்கள், கூட்டுப் பண்ணைக்குப் போனார்கள். ஒரு படத்தின் பெயரே 'எப்படி வாழ்கிறாய், தோழர் சுரங்கத் தொழிலாளியே?' என்பதுதான். வேலை ஏன் முடங்கியது, யார் கடமை தவறினார்கள் என்பதைப் படம் பிடித்து, அந்தத் தொழிலாளர் முன்பே திரையிட்டார்கள். விளக்கைப் போட்டதும் விவாதம்! டிக்கெட் வாங்கிக் கைதட்டிவிட்டுப் போகிற சினிமா அல்ல இது. பார்க்கிறவனே கதாபாத்திரம், அவனே நீதிபதியும்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டோம். மேஸ்திரியைக் குறை சொல்லலாம், மானேஜரைக் குறை சொல்லலாம், அதற்கு மேலே? 1932-33-இல் உக்ரைனில் தானியம் பறிக்கப்பட்டு இலட்சோப இலட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். அதைத் திரையில் பேசும் உரிமை எந்தக் காமிராவுக்கும் இருக்கவில்லை. கீழ்நோக்கி மட்டுமே பாயும் விமர்சனம் பாதி விமர்சனந்தான்.

1935-இல் 'மகிழ்ச்சி' என்ற ஊமைப்படம் வெளிவந்தது. வறுமை தாளாத ஏழை விவசாயி, செத்துத் தொலைவோம் என்று தனக்கே சவப்பெட்டி செய்கிறான். பாதிரியும் அதிகாரியும் படையும் பதறி ஓடி வருகின்றன. அவன் செத்தால் நாட்டுக்குச் சோறு போடுவது யார்? ஆகவே அவனுக்கு அடி, உதை! சுரண்டலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி நாம் அறிந்து வேறில்லை. ஐசன்ஸ்டீனே இப்படத்தை வியந்து பாராட்டினார்.

1938-இல் 'புதிய மாஸ்கோ'. புதிய நகரத்தின் காட்சி மாதிரியை மக்கள் முன் ஓட்டிக் காட்டும்போது அது பின்னோக்கி ஓடிவிடுகிறது. புதிய கட்டடங்கள் மறைகின்றன. இடித்த தேவாலயங்கள் எழுந்து நிற்கின்றன! கூட்டம் சிரிக்கிறது. மேலிடம் சிரிக்கவில்லை, படத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே அவர் ஓர் அணிவகுப்பை வண்ணத்தில் எடுத்தார். பின்னாளில் அவர் எடுத்தவையெல்லாம் பெரும்பாலும் பிரசாரப் படங்களே. அவரைக் கோழை என்று ஏச நமக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மாலையைக் கையில் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ரயிலில் எடுத்த படங்களும் பல பத்தாண்டுகள் காணாமற் கிடந்தன. பிற்பாடு கிடைத்தவை சில.

அந்த ரயிலை மறுபடி ஓட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பிரான்சுத் தொழிலாளர்கள்! 1967-இல் பெசான்சோன் நகரின் ரோடியாசேத்தா ஆலையில் வேலைநிறுத்தம். அதைக் கிறிஸ் மார்க்கர் என்ற இயக்குநர் படமெடுத்துத் தொழிலாளருக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். அவர் சினங்கொள்ளவில்லை; காமிராவை அவர்கள் கையிலேயே கொடுக்கத் துணைநின்றார். அவர்கள் தங்கள் குழுவுக்கு இட்ட பெயர், மெத்வேத்கின் குழு. கைக்கடிகார ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண் சங்கப் போராளியாக வளர்ந்த கதையை 1969-இல் அவர்களே படமாக்கினார்கள். 1971-இல் மெத்வேத்கின் பிரான்சுக்குச் சென்றபோது, பாரிசுக்கு அருகே ஒரு ரயில் பணிமனையில் நின்று, தம் பழைய ரயிலின் கதையைச் சொன்னார். அதையும் மார்க்கர் படமாக்கி வைத்தார்.