சராசரிக்குக் காது இல்லை!

தோழனே!

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் மூட்டையோடு வரும் உழவனைப் பார்த்திருப்பாய். விலை கேட்பதற்கு முன் அவன் தராசைப் பார்க்கிறான். ஏடு தந்த அறிவல்ல, பட்டுத் தேறிய அறிவு அது! நெல்லுக்குக் காட்டும் அந்த விழிப்பை, நம் முன் நீட்டப்படும் புள்ளிவிவரத்திற்கும் காட்டுகிறோமா?

2025 சூலையில் நமது கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிற்று. உலகம் வந்து காணட்டும், வானூர்தியிலும் வரட்டும்! புதுவையிலே சிறு விமான நிலையம் இருக்கிறது. அதன் ஓடுபாதையை நீட்ட, நமது விழுப்புரம் மாவட்டத்து நிலம் கேட்கப்படுவதையும் நீ அறிவாய். விமானத்தை வெறுப்பவரல்லர் நாம். ஆனால், விமானத்தோடு சேர்ந்து இறங்குகிறதே கணக்கு, அதைச் சோதிக்காமல் ஏற்பவரும் அல்லர்!

முதற் கணக்கு, ஓசை. ஆண்டுக்கு 50,000 முறைக்குக் குறைவாக விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களைச் சுற்றி, பகலில் 65 டெசிபெல் வரை ஓசை இருக்கலாம் என்கிறது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு விதி. காலை 6 முதல் இரவு 10 வரை, பதினாறு மணி நேரத்தின் சராசரி அது. கூரைக்கு மேலே ஒரு விமானம் 30 நொடி 90 டெசிபெல்லில் முழங்குகிறது என்று கொள். பதினாறு மணி நேரத்திற்குப் பரப்பினால் அது ஏறக்குறைய 57 ஆகிவிடும். நான்கு முறை முழங்கினாலும் 63தான்! "விதி மீறப்படவில்லை" என்பர். உண்மைதான். ஆனால் தொட்டிலில் துயிலும் குழந்தை சராசரியைக் கேட்டா அலறுகிறது? சராசரிக்குக் காது இல்லை, தோழனே; குழந்தைக்கு இருக்கிறது!

அடுத்தது, நிலம். 1993இல் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையத்தை விரிவாக்க 570 ஏக்கர் கேட்டனர். காமலாபுரம் வட்டார உழவர்கள் 2018இல் கொதித்தெழுந்தனர். மாவட்டப் பரப்பிலே அது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடுகுதான்! ஆனால் இழப்பது மாவட்டமா? நான்கைந்து ஊர்கள்! நன்மையைக் கூறும்போது மாவட்டக் கணக்கு, தீமையை மறைக்கவும் மாவட்டக் கணக்கு. ஊர்க் கணக்கு மட்டும் ஊமையாகிவிடும்!

மூன்றாவது, பயணம். அதே சேலத்தில் 2018 மார்ச்சில் பறக்கத் தொடங்கிய விமானம் 2021இல் நின்றது; 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. நின்றுபோன ஆண்டோடு ஒப்பிட்டால், எந்த வளர்ச்சியும் வானளாவியதாகவே தெரியும்! சிற்றூர்களை இணைக்க வந்த உடான் திட்டத்தை 2023இல் தணிக்கை செய்தார் இந்தியத் தலைமைக் கணக்காயர். முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட வழித்தடங்கள் 774. தொடங்கப்படாதவை 403. மூன்றாண்டுக் காலத்தை நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54! அறிவித்ததைச் சொன்னாலும் கணக்கு, நிலைத்ததைச் சொன்னாலும் கணக்கு. எதைச் சொல்கிறார்கள் என்பதிலே இருக்கிறது சூட்சுமம்.

ஆகவே, நாளை எந்த ஊரிலே இத்திட்டம் வந்தாலும், கிராம சபையிலே எழுந்து நில், கேள். சராசரி ஓசை வேண்டாம். ஒரு விமானம் கடக்கும்போது எவ்வளவு ஓசை, நாளைக்கு எத்தனை முறை, எந்தத் தெருவில் அளந்தீர்? மாவட்டத்திற்கு எத்தனை வேலை என்பது இருக்கட்டும்; நிலம் தந்த ஊருக்கு எத்தனை? அறிவித்த விமானம் எத்தனை, மூன்றாண்டு கழித்தும் பறப்பது எத்தனை? விடை வந்தால் வரவேற்போம். வராவிட்டால், வரும்வரை கேட்போம்.

நமது கோட்டைக்குள்ளே பழைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. களஞ்சியம் நிறைந்ததைக் கணக்கன் எழுதியிருப்பான்; கழனியிலே நின்றவன் வயிறு நிறைந்ததா என்று எழுதியிருப்பானா? அன்று எழுதாது விட்டதை இன்று எழுத வைப்பதே மக்களாட்சி! அந்த எழுதுகோல் உன் கையிலே இருக்கிறது, தோழனே!