பூ உதிர்ந்தா செடி செத்துடுச்சா?

தீபாவளிக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ஆர்க்கிட் தொட்டி பரிசாக் குடுக்கிறது இங்க தில்லிப் பக்கம் வழக்கமாயிடுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ரெண்டு மூணு மாசம் பூத்துட்டு, கடைசிப் பூவும் உதிர்ந்ததும் அந்தச் செடி எங்க போகுது? அபார்ட்மெண்ட் குப்பைத் தொட்டிக்கு! பச்சைப் பசேல்னு இலையோட. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"அது பணக்காரச் செடிங்க, நம்ம கைக்கு வராது"ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம வீட்டுக்கு வர்றது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ்ங்கிற வகை. பூ விழுந்தா அதுக்கு ஓய்வு, அவ்ளோதான். ஒழுங்காப் பார்த்துக்கிட்டா திரும்பப் பூக்கும். அது சாகிறதே நம்ம பாசத்தாலதான். துளசிக்குச் செய்றதையெல்லாம் இதுக்கும் செய்றோம். தினம் ஒரு சொம்புத் தண்ணி, மண்ணு, உச்சி வெயில். மூணுமே ஆகாது.

ஊர்ப்பக்கம் மாமரக் கிளையில ஒட்டிக்கிட்டு வளர்ற வாண்டா ஆர்க்கிட்டைச் சில பேர் பார்த்திருப்பீங்க. அங்க மண்ணு ஏது? வேர் காத்துல தொங்கும், மழை பெஞ்சா குடிக்கும், சீக்கிரமே காஞ்சிடும். ஃபெலனாப்சிஸும் அப்படி மரத்து மேல வாழ்ற இனம்தான்.

அதனால வேரைப் பார்த்துத் தண்ணி ஊத்துங்க. பச்சையா இருந்தா வேண்டாம், வெள்ளி மாதிரி வெளுத்தா ஊத்தலாம். சாதாரணமா வாரம் ஒரு தடவை, மே மாச அனல்ல ரெண்டு தடவை. ஊத்தினது முழுக்க வடியணும். நடுக்குருத்துல தண்ணி நின்னா அழுகிடும், துடைச்சிடுங்க. ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு இதுக்கு ஊத்தாதீங்க, அதுல உப்பு அதிகம். காலை வெயில் மட்டும் படுற கிழக்கு ஜன்னல் போதும்.

ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பூ முடிஞ்சப்புறம் தொட்டி மாத்தணும். இதை மாலிகிட்ட விட்டீங்கன்னா பழக்கதோஷத்துல மண்ணும் சாணி உரமும் போட்டு அமுக்கிடுவார். நீங்களே செய்ங்க, அரை மணி நேர வேலை. செடியை எடுத்துப் பழைய பாசியை உதறுங்க. கெட்டியான வேரை விட்டுட்டு, கொழகொழன்னு இருக்கிறதையும் உள்ளே கூடா இருக்கிறதையும் ஸ்பிரிட்ல துடைச்ச கத்தரிக்கோலால வெட்டுங்க. நிறைய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தயிர் டப்பாவே போதும், வேர் நிறமும் வெளியில தெரியும். அதுல அடுப்புக்கரித் துண்டும், ரெண்டு நாள் ஊறவெச்சு அலசின தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு, செடி ஆடாம நிறுத்துங்க. பார்பெக்யூ கரிக்கட்டி மட்டும் வேண்டாம், அதுல வேற கலப்பு இருக்கும். பெரிய தொட்டியும் வேண்டாம், ஈரம் தங்கிடும். சில நாள் கழிச்சுத் தண்ணி ஊத்தினாப் போதும்.

இன்னொரு சங்கதி. ராத்திரி 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ சில வாரம் இருந்தாதான் இதுக்குப் பூந்தண்டு கிளம்பும். சென்னையில லேசுல கிடைக்காத அந்தக் குளிர், தில்லியில அக்டோபர் கடைசியில இனாமா வருது. அப்போ ஜன்னல் ஓரம் வைங்க. டிசம்பர், ஜனவரியில 5, 6 டிகிரிக்கு இறங்கும்போது பால்கனியில விட்டா போச்சு, உள்ளே தூக்கிடுங்க.

வாடகை வீடு, சின்ன பால்கனி, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்னு ஓடுற நம்மளை மாதிரி குடும்பத்துக்கு இதை விடத் தோதான செடி இல்லைங்கிறது என் கட்சி. மண்ணு இல்லாததால கனம் இல்லை. நல்லா நனைச்சு நிழல்ல வெச்சுட்டுப் போனா, பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட சாவி குடுக்க வேண்டியதில்லை :-)

அடுத்த தடவை யாராவது பூ உதிர்ந்த ஆர்க்கிட்டைத் தூக்கிப் போடப் போனா, "எனக்குக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிக்குங்க. கேட்கிறதுல என்ன வெட்கம்?