அந்த 'சி'யை விட்டுவிடாதீர்கள்!



இன்டக்ரேஷன் கணக்கின் முடிவில் வரும் 'பிளஸ் சி'யை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "விட்டா அரை மார்க்தானே போகும், போகட்டும்டா!" என்கிறார்கள். போவது அரை மார்க் அல்ல, துகள் இருக்கும் இடமே போய்விடுகிறது என்பதே என் வாதம்.

ஒரு துகளின் திசைவேகம் நேரத்தோடு மாறுகிறது. நேரத்தை 'டி' என்போம். எக்ஸ் திசையில் விநாடிக்கு 2டி மீட்டர், ஒய் திசையில் 3டி² மீட்டர். 2 விநாடி கழித்து அது எங்கே? அந்த நொடியில் திசைவேகம் 4, 12. இதை 2 ஆல் பெருக்கி 8, 24 என்று எழுதினால் தப்பு. அசையாமல் இருந்து மெல்ல மெல்ல வேகம் பிடித்த துகள் அது. முழு நேரமும் கடைசி வேகத்திலேயா ஓடியது? ஒவ்வொரு திசையையும் தனித்தனியே இன்டக்ரேட் செய்தால் டி², டி³ வரும். அதாவது 4 மீட்டர், 8 மீட்டர்.

இதுவும் இடப்பெயர்ச்சிதான், இடம் அல்ல. (5, 1) என்ற புள்ளியிலிருந்து கிளம்பிய துகள் (9, 9)இல் நிற்கும். ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பியது (4, 8)இல் நிற்கும். திசைவேகம் ஒன்றே, சேர்ந்த இடம் வேறு! திசைக்கு ஒன்றாக இரண்டு 'சி' உண்டு. அவை சேர்ந்ததே தொடக்க நிலை வெக்டர்.

1958 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கட்டிக்கு அடியிலேயே சென்று வட துருவத்தைக் கடந்தது. அங்கே நட்சத்திரம் பார்த்து வழி அறிய முடியாது. முடுக்கத்தை அளந்து திசைவேகம், திசைவேகத்திலிருந்து இடம் என்று கருவி கணக்குப் போட்டது. கிளம்பிய இடத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால், போய்ச் சேர்ந்த இடமும் தப்பாகத்தான் வந்திருக்கும்.

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன்? எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் யாரும் கிடையாது. என்னைப் போல் இங்கே பலர். மார்க் பட்டியல் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டும், கிளம்பிய இடத்தைக் காட்டாது. "நீயும் எல்லாரையும் மாதிரி படி" என்று அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் இருவரும் ஒரே வேகத்தில் போனால் ஆரம்ப இடைவெளி கடைசி வரை அப்படியே இருக்கும். கணக்கே அதைத்தான் சொல்கிறது! பின்னால் இருந்து வருபவனுக்குக் கூடுதல் வேகம் வேண்டும்.

அந்த வேகத்தை நம் சங்கம் கொடுக்கலாம். முதலாண்டில் சேரும் தமிழ் வழி மாணவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மாலையில் ஒரு மணி நேரம் கணக்கு வகுப்பு நடத்தட்டும். சொல்லித்தர நாங்கள் ரெடி. ஒரு வகுப்பறையும் சாக்பீஸும் போதும்.

தோழர்களே, விடைத்தாளிலும் சரி, சக மாணவனை எடை போடும்போதும் சரி, அந்த 'சி'யை விட்டுவிடாதீர்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு