சிதறால் மலையில் இருப்பது புத்தரா, சமணரா, பகவதியா? கல்வெட்டு சொல்வது என்ன?

முட்டத்துக்கு வர்றவங்க கடற்கரை, கலங்கரை விளக்கம், ‘அலைகள் ஓய்வதில்லை’ ஷூட்டிங் நடந்த இடம்னு பார்த்துட்டு கிளம்பிடுவாங்க. அதே குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிதறால் மலைக்குப் போறவங்க குறைவுதான்.

மேலே ஒரு பெரிய பாறை கூரை மாதிரி நீண்டு நிற்கும். அதில் வரிசையா தியானத்தில் இருக்கும் உருவங்கள். பார்த்ததும் புத்தர்னுதான் பலரும் நினைப்பாங்க. ஆனா இவங்க சமணத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் முக்குடை இருக்கு, உடம்பில் ஆடை இல்லை. பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கிறவர் பார்சுவநாதர். சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா இயக்கியும் இருக்காங்க.

அப்போ பகவதி எங்கிருந்து வந்தாங்க?

13ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பள்ளி பகவதி கோயிலா மாறியதுனு பொதுவா சொல்வாங்க. இதை வெச்சு ‘பறிச்சுக்கிட்டாங்க’னு ஒரே வரியில் முடிக்க முடியுமா? ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கு. அரட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குறத்திகள், திருச்சாரணத்துப் பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் கொடுத்த செய்தி அது. குறத்தி என்றால் சமணப் பெண் துறவி. பட்டாரி என்பது பெண் தெய்வத்துக்கான சொல். அதாவது, சுமார் 1,100 வருஷம் முன்னாடியே இங்கே ஒரு பெண் தெய்வத்துக்கு நகை போட்டிருக்காங்க, போட்டதும் ஒரு பெண்தான்! பகவதி முழுக்கப் புதுசா வந்தவங்கனு சொல்ல எனக்குத் தயக்கமாவே இருக்கு.

சேலம் தீர்ப்பு இங்கே பொருந்துமா?

சேலம் தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலை புத்தர்தான்னு தொல்லியல் துறை ஆய்வுக்குழு அறிக்கை கொடுத்தது. அதை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கணும், புத்தர் சிலைனு போர்டு வைக்கணும், பூஜை கூடாதுனு 2022 ஜூலையில் உத்தரவிட்டது. அங்கே கேள்வி ஒரே ஒரு சிலை பற்றியது. சிதறாலில் தீர்த்தங்கரர், இயக்கி, பகவதினு பல நூற்றாண்டுகள் ஒரே பாறைக்குக் கீழே அடுக்கடுக்கா இருக்கு. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் சமண உருவங்கள் உண்டு, அங்கே தினமும் வழிபாடும் நடக்குது.

இன்னொரு விஷயம். சிதறால் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. இதுபோன்ற சின்னங்களுக்கு 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டத்தில் விலக்கு இருக்கு, 1958 தொல்லியல் சின்னங்கள் சட்டம்தான் செல்லும். அந்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட வழிபாட்டு இடத்தை அதன் தன்மைக்கு மாறா பயன்படுத்தக் கூடாது. ஆனா எந்தக் காலத்துத் தன்மை? சிதறாலுக்கு இதுதான் நிஜமான சிக்கல். சமணம், பகவதி ரெண்டையும் சொல்ற போர்டுதான் நியாயமா இருக்கும்.

போறதா இருந்தா காலையிலேயே ஏறிடுங்க. வெயில் ஏறினா பாறை கொதிக்கும். தண்ணி பாட்டிலும் மறக்காதீங்க.