பல் டாக்டர்தானே!

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால், "போனால் போகிறது, பல் டாக்டருக்காவது படிக்கட்டும்" என்பார்கள். அந்த 'ஆவது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

குறடும் கையுமாக நின்று பல்லைப் பிடுங்குவதற்குப் படிப்பு எதற்கு என்பது நம்மவர்களின் எண்ணம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவனுக்குக் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் முறிந்தால், நாக்கு பின்னால் சரிந்து மூச்சையே அடைத்துவிடலாம். அப்படி வருகிறவனின் உடைந்த எலும்பைத் தகடு வைத்துச் சேர்ப்பவர், பல் படிப்பில் தொடங்கி வாய், தாடை, முக அறுவையில் தேர்ந்த அதே 'பல் டாக்டர்'தான். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்தினால்தான் தாடை நேராகச் சேர்ந்ததாக அர்த்தம். பல்லின் கணக்குத் தெரியாமல் அந்த வேலை நடக்காது.

அதற்கு அவர் படிப்பது கொஞ்சமா? பி.டி.எஸ். 4 வருஷம், ஆஸ்பத்திரியில் பயிற்சி 1 வருஷம், அதன்மேல் எம்.டி.எஸ். 3 வருஷம். ஆக மொத்தம் 8 வருஷம். உடற்கூறு, மருந்தியல், பொது மருத்துவம், பொது அறுவை எல்லாம் பல் படிப்புக்குள்ளேயே வருகின்றன. பிரிட்டனிலோ இந்தத் துறையில் நிபுணராக விரும்புகிறவர் மருத்துவப் பட்டம், பல் மருத்துவப் பட்டம் இரண்டையும் பெற வேண்டும். இதில் 'ஆவது' எங்கே ஒட்டுகிறது?

1846-ல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதரை முகரச் செய்து, வலியில்லாமல் அறுவை நடக்கும் என்று பெரிய டாக்டர்கள் முன்னால் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் வைத்தியர்தான்.

இந்த அலட்சியத்துக்கு விலையும் உண்டு. புகையிலை போடுகிறவர் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். "பல் டாக்டர்தானே, வலித்தால் போய்க்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். வாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கிய பிறகு போனால், புண்ணோடு தாடையையும் வெட்டி எடுக்கும்படி ஆகலாம்.

ஆகவே, விருப்பமில்லாத பிள்ளையை இந்தப் படிப்பில் தள்ளாதீர்கள். விரும்பிக் கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். பிறர் முகத்தைச் சீராக்கப் போகிற பிள்ளையை, பெற்றவர்களே முகத்தைச் சுளித்துக்கொண்டா வழியனுப்புவது?